ஏழரை எச்.பி.

போன வருஷம் ஆடி மாசத்துல ஒரு நாள், அப்பாவோட மாருதி 800 கணபதி பஸ் ஸ்டாப் பக்கத்துல ஆவி விட்டுக்கிட்டு நின்னுருச்சு. 2001 மாடல். கட்டி இழுத்துட்டு வந்து மெக்கானிக் கிட்ட காட்டினா, ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டும் வளைஞ்சிருக்கு, இஞ்சினையே இறக்கணும்னு சொல்லிட்டார். கூடவே ஒரு இலவச ஆலோசனை: "செலவு பண்ற காசுக்கு வண்டி வொர்த் இல்லீங்க. இரும்புக் கடைக்குப் போட்டுருங்க."

அப்பா ஒண்ணும் சொல்லலை. அவர் ஒண்ணும் சொல்லாம இருந்தாத்தான் எனக்குப் பயம்.

லேசா ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன். அப்பாவுக்குக் கணபதியில மோட்டார் வைண்டிங் கடை. முப்பத்திரண்டு வருஷம். கிணத்து மோட்டார், போர் மோட்டார், கிரைண்டர் மோட்டார், பஞ்சாலை மோட்டார்னு புகைஞ்சு போய் வர்ற எல்லாத்துக்கும் புதுக் காயில் கட்டி அனுப்புவார். அந்தக் காசுலதான் நான் இஞ்சினியரிங் படிச்சேன், அதுவும் டிரிபிள்-ஈ. படிச்சு முடிச்சுட்டு பெங்களூர்ல பொட்டி தட்டப் போயிட்டேன் (சிரிக்காதீங்க, உங்கள்ல பாதிப் பேரும் அதே கதைதான்). 2022-ல கண்ணும் கொஞ்சம் மங்கி, வேலைக்கு ஆளும் கிடைக்காம அவர் தடுமாறினப்ப, "கடையை மூடிடுங்கப்பா, நான்தான் சம்பாதிக்கிறேனே"ன்னு சொன்னது நான். ரொம்பப் பெருந்தன்மையாச் சொன்னதா அப்போ நினைப்பு. மூடிட்டார். அப்புறம் அவருக்குன்னு மிச்சம் இருந்தது அந்த 800 மட்டும்தான். மாசாமாசம் கிருத்திகைக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு மருதமலை, வாரம் ஒரு தடவை கிணத்துக்கடவு பக்கம் இருக்கிற எங்க ரெண்டு ஏக்கர் தோப்பு. அவ்வளவுதான் அவரோட உலகம்.

அதனாலதான் இரும்புக் கடைன்னு கேட்டதும் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே சொன்னேன், "அப்பா, இதை எலெக்ட்ரிக் ஆக்கிடலாமுங்களா? கியர்பாக்ஸ் நல்லாத்தான இருக்குது. இஞ்சினைத் தூக்கிட்டு அந்த இடத்துல ஒரு மோட்டார்."

தட்டுல இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். "எத்தனை எச்.பி.?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு மூணு மாசம் ஆச்சு. அந்தக் கதைதான் இது.

முதல்ல நான் செஞ்ச தப்பு, பழைய இஞ்சினோட எண்ணை அப்படியே எடுத்துக்கிட்டது. 800-க்கு 796 சிசி, 37 எச்.பி. அப்போ மோட்டாரும் 37 எச்.பி. இருக்கணும், அதாவது 28 கிலோவாட்னு ஒரு கணக்கு. அப்பாகிட்டச் சொன்னா சிரிச்சார். "முப்பத்தேழு எச்.பி. மோட்டார் எவ்வளவு பெருசு தெரியுமா கண்ணு? அதைத் தூக்க நாலு ஆள் வேணும். அந்த கார் அதுமேல உக்காந்துதான் போகணும்."

விஷயம் என்னன்னா, இஞ்சினோட எச்.பி.யும் மோட்டாரோட எச்.பி.யும் ஒரே அலகா இருந்தாலும் ஒரே அர்த்தம் இல்லை. இஞ்சினுக்குப் போடுற எண், அது முழு மூச்சா கத்திக்கிட்டு ஓடும்போது, ஒரு குறிப்பிட்ட வேகத்துல, அதிகபட்சமா தர்றது. நிஜ வாழ்க்கையில அந்த இடத்துக்கு நாம போறதே இல்லை. தொழிற்சாலை மோட்டாரோட நேம் பிளேட்ல இருக்கிறது வேற. அந்த லோடை ராத்திரி பகலா இழுத்தாலும் காயில் கருகாம நிக்கும்ங்கிற உத்தரவாதம் அது. அதே மோட்டார் ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷத்துக்கு ரெண்டு மடங்கு கூடத் தரும். கொஞ்சம் சூடாகும், அப்புறம் ஆறிக்கும்.

காலேஜ்ல இதை எஸ்-1, எஸ்-2 டூட்டின்னு மனப்பாடம் பண்ணி எட்டு மார்க்குக்கு எழுதினேன். எஸ்-1 தொடர் ஓட்டம், எஸ்-2 குறுகிய நேர ஓட்டம். அப்பா அதையே வேற மாதிரி சொன்னார்: "மோட்டாரைக் கொல்றது லோடு இல்ல சாமி, சூடு. பத்து டிகிரி கூடுனா காயிலோட ஆயுசு பாதி." இது எல்லா நாட்டு இஞ்சினியர்களும் கையில வச்சிருக்கிற தோராயக் கணக்குதான். ஆனா அவர் எந்தப் புத்தகத்துலயும் படிக்கலை. கருகின வார்னிஷ் வாசனையில இருந்து கத்துக்கிட்டது.

சரி, அப்ப காருக்கு நிஜமாவே எவ்வளவு தேவை? உக்காந்து கணக்குப் போட்டேன். எங்க 800 காலியா 650 கிலோ. இஞ்சின், டேங்க், சைலன்சர் எல்லாம் கழிச்சு, மோட்டாரும் பேட்டரியும் சேர்த்து, அப்பா அம்மா நான் மூணு பேரும் உக்காந்தா சுமார் 900 கிலோ. சமதளத்துல 60 கிலோமீட்டர் வேகத்துல போகும்போது டயர் உரசல் ஒரு 105 நியூட்டன், எதிர்காத்து ஒரு 110 நியூட்டன். ரெண்டையும் கூட்டி வேகத்தால பெருக்கினா மூணரை கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல. கியர்பாக்ஸ்ல போற நஷ்டத்தையும் சேர்த்தா 4 கிலோவாட். அதாவது, அஞ்சரை எச்.பி.!

என்னாலயே நம்ப முடியலை. ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன். ஊர்ல தோட்டத்துக்குத் தண்ணி எடுக்கிற அதே அஞ்சு எச்.பி. மோட்டார் கொஞ்சம் முக்கினா ஒரு காரை 60-ல ஓட்டிரும். அப்பாவுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. "பின்ன? அந்த மோட்டார் நாள் பூரா தண்ணியை எரநூறு அடி தூக்குது. கார் என்ன, சக்கரத்துல உருளுற சாமான் தானே."

ஆனா மருதமலை இருக்கே! சமதளத்துக்குக் கணக்குப் போட்டு வாங்கிட்டு மலையடிவாரத்துல நின்னு முருகான்னு கூப்பிட முடியாது. மேட்டுக்கு 15 சதவீதச் சரிவுன்னு வச்சுக்கிட்டேன். 900 கிலோவைத் தூக்க 1320 நியூட்டன், டயர் உரசல் 105, ஆக சுமார் 1430 நியூட்டன். டயர்ல சென்டர்ல இருந்து தரை வரைக்கும் கால் மீட்டர். ஆக சக்கரத்துல 357 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேணும். அதை எந்த கியர்ல போறமோ அந்த விகிதத்தால வகுத்தா மோட்டார் தர வேண்டிய முறுக்கு வந்துரும்.

கியர் விகிதத்தை எங்கயோ படிச்சு எடுத்துக்கறதை விட நம்ம கார்லயே எண்ணிப் பார்த்துருவோம்னு தோணுச்சு. இஞ்சினியர் பாருங்க. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு, இடது முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ரெண்டாம் கியர்ல போட்டு, கிராங்க் போல்ட்டை ஸ்பேனரால சுத்தினேன். சக்கரம் ஒரு சுத்து சுத்த, இஞ்சின் 4.7 சுத்து. 357-ஐ 4.7-ஆல வகுத்து, நஷ்டத்தையும் சேர்த்தா, மோட்டார் 84 நியூட்டன் மீட்டர் தரணும்!

84-ங்கிறது சின்ன விஷயம் இல்லை. 800-இன் இஞ்சினே அதிகபட்சமா 59 தான். கூகிள்ல தேட ஆரம்பிச்சேன். அந்த ஒரு எண்ணை வச்சுக்கிட்டு ஒன்றரை மாசம் நான் அலைஞ்ச அலைச்சல் இருக்கே...

முதல்ல டிசி சீரிஸ் மோட்டார். அமெரிக்காவுல வீட்டுல கார் மாத்துறவங்க ரொம்ப வருஷமா இதைத்தான் போட்டாங்க. பழைய ஃபோர்க்லிஃப்ட்ல இருந்து கழட்டுறது. நின்ன இடத்துல இருந்தே பயங்கர முறுக்கு, கண்ட்ரோலரும் எளிசு. அப்பாகிட்டச் சொன்னதும் கையை உதறிட்டார். "சீரிஸ் மோட்டாரை லோடு இல்லாம ஓட்டுனா வேகம் ஏறிட்டே போகும். ஆர்மேச்சர் காயில் வெளிய பறந்துரும். நீ கிளட்ச்சை மிதிச்சுட்டு மறதியா ஆக்சிலேட்டரை அமுத்துனா என்ன ஆகும்?" அதுக்கு மேல கார்பன் பிரஷ் தேய்மானம் வேற. பிரேக் போடும்போது பேட்டரிக்குக் கரண்ட் திருப்பி அனுப்புறதும் அதுல லேசுப்பட்ட காரியம் இல்லை.

அடுத்தது காந்தம் வச்ச மோட்டார், பிஎல்டிசி, பிஎம்எஸ்எம் வகையறா. இன்னிக்கு ஓடுற எலெக்ட்ரிக் கார்கள்ல பெரும்பாலானது இதுதான். 2010-ல வந்த நிசான் லீஃப் 80 கிலோவாட் காந்த மோட்டார். சின்னது, எடை கம்மி, திறன் அதிகம். ஆனா என் 84-க்கு ஏத்த மாதிரி கண்ட்ரோலரோட எனக்கு வந்த விலையெல்லாம் பேட்டரி இல்லாமலே லட்சங்கள்ல. எல்லாம் இறக்குமதி. 2025 ஏப்ரல்ல சீனா அரிமண் காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டப்ப நம்ம ஊரு வண்டிக் கம்பெனிகளே தவிச்சுப் போனாங்க. நான் எந்த மூலைக்கு? அப்பாவுக்கு வேற கவலை: "காந்தம் சூட்டுல செத்துப்போனா நான் என்ன பண்ணுவேன்? என்னால கட்ட முடியாதே."

மூணாவது, பழைய எலெக்ட்ரிக் காரோட மோட்டார். பெங்களூர்ல செஞ்ச ரேவா ஞாபகம் இருக்கா? 2001-ல விற்பனைக்கு வந்தப்ப டிசி மோட்டார். 2008-ல ரேவா-ஐ வந்தப்ப ஏசி இண்டக்‌ஷன் மோட்டாருக்கு மாறினாங்க. உச்சபட்சமே 13 கிலோவாட் தான்! அப்புறம் மஹிந்திரா கைக்குப் போய், 2013-ல வந்த இ2ஓ-வுல 19 கிலோவாட் இண்டக்‌ஷன். அப்படி ஒரு மோட்டார் ஒரு பழைய சாமான் கடையில கிடைச்சது. ஆனா கண்ட்ரோலர் இல்லை. ஷாஃப்ட் நம்ம கியர்பாக்ஸுக்குச் சேராது. வேகம் சொல்ற சென்சார் என்ன வகைன்னு கடைக்காரருக்கே தெரியலை. டாக்குமெண்ட்டே இல்லாம எவனோ எழுதிட்டு வேலையை விட்டுப் போன கோடு மாதிரி. அதுல தினமும் ஆணி புடுங்குறவன் நான். லீவு நாள்லயும் வேண்டாம்னு விட்டுட்டேன்.

இப்படி எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி, ஒரு ஞாயித்துக்கிழமை அப்பா முன்னாடி வச்சேன். அவர் விலையைப் பார்க்கலை. 84-ஐப் பார்த்தார்.

"இது எப்படிரா வந்துச்சு?"

சொன்னேன். ஜாக்கி, ஸ்பேனர், 4.7, எல்லாம்.

"நீ தூக்குனது ஒரு சக்கரம். மத்த சக்கரம் எங்க இருந்துச்சு?"

"அது தரையிலதானுங்ப்பா இருந்துச்சு."

அப்பா பேப்பரைக் கீழ வச்சுட்டு என்னையே பார்த்தார். ஒரு அஞ்சு செகண்ட் எனக்கு ஒண்ணும் புரியலை. அப்புறம் புரிஞ்சுது. புரிஞ்சப்ப நாலு வருஷ ஃபீஸைத் திருப்பிக் கொடுத்துடலாமான்னு இருந்துச்சு.

டிஃபரன்ஷியல்! ஒரு சக்கரம் தரையில அசையாம நின்னா, தூக்கி வச்ச சக்கரம் ரெண்டு மடங்கு வேகத்துல சுத்தும். நேரா ஓடும்போது ரெண்டு சக்கரமும் ஒண்ணாத்தான் சுத்தும். அப்ப நிஜமான விகிதம் 4.7 இல்லை, 9.4. தேவையான முறுக்கு 84 இல்லை, அதுல பாதி: 42 நியூட்டன் மீட்டர்.

ஒன்றரை மாசமா நான் ரெண்டு மடங்கு பெரிய மோட்டாரைத் தேடிக்கிட்டு இருந்திருக்கேன். அப்பா கேலி பண்ணலை. எழுந்து போய்ப் பரண்ல இருந்து ஒரு பழைய டயரியை எடுத்துட்டு வந்தார். கடையில அவர் கட்டின ஒவ்வொரு மோட்டாரோட ஸ்லாட் எண்ணிக்கை, காயில் சுத்து, கம்பி கேஜ் எல்லாம் அதுல இருக்கும். ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஏழரை எச்.பி., 1440 வேகம், 36 ஸ்லாட், காயிலுக்கு 24 சுத்து.

"ஏழரை எச்.பி.க்கு முறுக்கு எவ்வளவுன்னு போடு."

போட்டேன். 5.5 கிலோவாட், 1440 சுத்து. 36 நியூட்டன் மீட்டர் சொச்சம். நாள் பூரா. தாக்குப்பிடிக்கிற உச்ச முறுக்கு அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. எனக்கு மேட்டுல வேண்டியது 42. வெறும் 15 சதவீதம் ஓவர்லோடு, அதுவும் ஒரு சில நிமிஷத்துக்கு.

"ஆனா அது 415 வோல்ட் மோட்டாருங்ப்பா. 1440-க்கு மேல ஓடாது. நமக்கு மேட்டுல 30-ல போகணும்னாலே 3000 சுத்து வேணும்."

"50 சைக்கிள் கொடுத்தா 1440. உன்ற கண்ட்ரோலர் 100 சைக்கிள் தராதா?"

தரும். பேட்டரியில இருந்து வர்ற டிசியை ஏசியா மாத்துற கண்ட்ரோலர் எந்த ஃப்ரீக்வன்சி வேணும்னாலும் தரும். சிக்கல் வோல்டேஜ்தான். ஃப்ரீக்வன்சி ஏற ஏற அதே விகிதத்துல வோல்டேஜும் ஏறணும், இல்லைன்னா முறுக்கு படுத்துரும். 100 சைக்கிள்ல முழு முறுக்கு வேணும்னா 830 வோல்ட். நான் போடப்போறது 3.2 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் 30, மொத்தம் 96 வோல்ட். அதுல இருந்து கண்ட்ரோலர் தரக்கூடிய ஏசி அதிகபட்சம் 68 வோல்ட். அதாவது பன்னெண்டுல ஒரு பங்கு.

"பன்னெண்டுல ஒண்ணா?" அப்பா பென்சிலை எடுத்தார். "இதுல ஒரு பேஸுக்கு நாலு குரூப் காயில். இப்ப ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா சேர்த்திருக்கு. நாலையும் பேரலலாச் சேர்த்தா வோல்டேஜ் நாலுல ஒரு பங்கு. 24 சுத்தை 8 சுத்தாக் குறைச்சா அதுல மூணுல ஒரு பங்கு. மூணு நாங்கு பன்னெண்டு. கம்பியை அதுக்குத் தக்கன மொத்தமாப் போட்டுக்கலாம். ஒரே தடியாப் போட்டா ஸ்லாட்டுக்குள்ள வளையாது, சன்னக் கம்பியாப் பல இழை சேர்த்துச் சுத்தணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! கரண்ட் பன்னெண்டு மடங்கு ஆகும், முழு லோடுல 130 ஆம்பியர் சுமார். மேட்டுல அதுக்கும் மேல. 96 வோல்ட் கண்ட்ரோலர்ல 400, 500 ஆம்பியர் தாங்குறது கிடைக்குது. அதே இரும்பு, அதே ரோட்டார். அதே முறுக்கை ரெண்டு மடங்கு வேகத்துல தர்றதால பவரும் ரெண்டு மடங்கு, சுமார் 11 கிலோவாட். மேட்டுக்கு வேண்டியது 13. ரேவா-ஐயோட உச்சமும் அதே 13-ங்கிறதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சிலிர்ப்பு. நாங்க ஒண்ணும் கிறுக்குத்தனமா யோசிக்கலை.

இண்டக்‌ஷன்னா ஏதோ பழைய சரக்குன்னு நினைச்சுட வேண்டாம். 1996-ல ஜெனரல் மோட்டார்ஸ் விட்ட ஈவி-1 இண்டக்‌ஷன் தான். 2008-ல வந்த டெஸ்லாவோட முதல் கார் ரோட்ஸ்டரும் இண்டக்‌ஷன் தான்; அந்த மோட்டாருக்கு வழிகாட்டினவர் பேரைத்தானே கம்பெனிக்கே வச்சிருக்காங்க. நம்ம கோயமுத்தூருக்கும் இதுல ஒரு பங்கு உண்டு. ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-லயே இங்க மோட்டார் செஞ்சுட்டாங்க. அந்த வழியில வந்த ஆயிரக்கணக்கான பட்டறைகள்ல ஒண்ணுதான் எங்கப்பா கடை.

குறை இல்லாம இல்லை. மோட்டார் வார்ப்பிரும்பு, 65 கிலோ கிட்ட. (இறக்கின இஞ்சின் அதை விட எடைங்கிறதால பரவாயில்லை.) 100 சைக்கிள்ல இரும்புத் தகடே கூடுதலாச் சூடாகும். மேட்டுல மெதுவாப் போகும்போது மோட்டார் வால்ல இருக்கிற ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும், காத்து பத்தாது. தனியா ஒரு ஃபேன் வைக்கணும். ரோட்டாரைத் திரும்ப பேலன்ஸ் பண்ணி, பேரிங் மாத்தணும். முதல் கியர்ல அதே வேகத்துக்கு 5000 சுத்து போகணும். இந்த மோட்டாருக்கு அது ஆகாது, அதனால முதல் கியர் வண்டியைக் கிளப்ப மட்டும். நாலாம் கியர்ல 60-க்கு 2500 சுத்து, நாலு கிலோவாட். சும்மா விசில் அடிச்சுட்டுப் போகும்.

இந்த இடத்துல கதை சுபம்னு முடிஞ்சிருக்கணும். நான்தான் ஒரு வேலையைத் தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்க்கறது.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில இருக்கிறதுக்கு மாறா வண்டியை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. பெட்ரோல் காரை எலெக்ட்ரிக் ஆக்கலாம், ஆனா ஏ.ஐ.எஸ். 123 தரப்படி சோதிச்சு, அந்த மாடலுக்குன்னு அங்கீகாரம் வாங்கின கிட் தான் போடணும். அதையும் அனுமதி பெற்றவங்கதான் பொருத்தணும். வீட்டுல கட்டின மோட்டாருக்கு அதுல இடமே இல்லை. நியாயம்தான். எவனோ ஒருத்தன் கட்டின 96 வோல்ட் வண்டி என் பக்கத்துல வந்தா நானே ஒதுங்கித்தான் போவேன்.

ஆக, எங்க மோட்டாரைப் போட்டா கார் ரோட்டுக்கு வராது. மருதமலை கிடையாது. அங்கீகாரம் வாங்கின கிட்டுன்னு எனக்கு விலை சொன்னவங்க எல்லாம் வேற மாடலுக்குத்தான் சொன்னாங்க. 800-க்குன்னு யாரும் சொல்லலை.

இதை அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு வாரம் தவிச்சேன். ஏற்கெனவே ஒரு தடவை 'மூடிடுங்கப்பா'ன்னு சொன்னவன் நான். கடைசியில ஒரு சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, ஞாயிறு காலையில காபி குடிக்கும்போது சொன்னேன். கூடவே என்னோட தீர்வையும் சொன்னேன்: இதை வித்துட்டு, கம்பெனியில இருந்து வர்ற எலெக்ட்ரிக் கார் ஒண்ணு, பழசா இருந்தாலும் நான் வாங்கித் தர்றேன். ரோட்டுல தைரியமா ஓட்டலாம், மருதமலையும் போலாம்.

அப்பா காபியை முழுசாக் குடிச்சு முடிச்சார்.

"மருதமலைக்கு பஸ் இருக்குது கண்ணு. முப்பது வருசம் அதுலதான போனோம்?" அப்புறம் கொஞ்சம் நேரம் கழிச்சு, "கடையை மூடுனப்பவும் நீ நல்லதுக்குத்தான் சொன்னே. எனக்குத் தெரியும். ஆனா இந்த ஒரு மோட்டாரை நான் கட்டிப் பாக்கறனே."

எனக்குப் பேச்சு வரலை. எத்தனை எச்.பி., எத்தனை வோல்ட், எத்தனை நியூட்டன் மீட்டர்னு எல்லாத்தையும் கணக்குப் போட்டேன். இது கணக்குலயே வரலை.

அம்மாதான் சமையக்கட்டுல இருந்து குரல் விட்டாங்க: "தோப்பு கேட்டுல இருந்து கிணத்தடி வரைக்கும் நடந்தா எனக்குக் கால் கடுக்குது. அங்க ஓட்டுங்க."

அப்படியே முடிவாச்சு. காரைப் பதிவுல இருந்து எடுத்துடறது. தோப்புக்குள்ள மட்டும் ஓட்டறது. தேங்காய் மூட்டையும் அம்மாவையும் ஏத்திக்கிட்டு, தனியார் நிலத்துல, நாலு வேலிக்குள்ள. போன மாசம் ஆர்.சி.யை ஒப்படைக்கிற பேப்பர்ல அப்பா கையெழுத்துப் போட்டார். நம்பர் பிளேட் ரெண்டையும் அவரே ஸ்க்ரூ கழட்டி, துடைச்சு, தினத்தந்தி பேப்பர்ல சுத்தி பீரோ மேல வச்சுட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

மோட்டார், கடையில யாரோ கொடுத்துட்டு வாங்க வராமலே போன பழைய ஏழரை எச்.பி. தான். கருகின காயிலை வெட்டி எடுத்து, ஸ்லாட்டைச் சுத்தம் பண்ணி, பேப்பர் போட்டு, இழை சேர்த்த கம்பியில காயில் சுத்தி இறக்கினார். கண்ணு மங்கலுக்கு நான் டார்ச் பிடிச்சேன். ஒவ்வொரு ஸ்லாட்டையும் மூங்கில் குச்சி வச்சு அடைக்கிறது என் வேலை. முதல் நாள் நாலு குச்சியை உடைச்சேன். மூணு ஞாயித்துக்கிழமை ஆச்சு. வார்னிஷ் ஊத்திக் காயவச்சு, மெக்கர் வச்சுப் பார்த்து, அவர் முகத்துல ஒரு திருப்தி வந்ததுக்கப்புறம்தான் கண்ட்ரோலரைத் தொட விட்டார்.

போன ஞாயிறு திண்ணையில வச்சு ஓட்டிப் பார்த்தோம். நான் லேப்டாப்பை வச்சுக்கிட்டு 5 சைக்கிள்ல ஆரம்பிச்சு, 20, 50-ன்னு ஏத்திக்கிட்டே போனேன். 100 சைக்கிள் தொட்டப்ப மோட்டார் ஒரு சீரான 'ம்ம்ம்' சத்தத்துல நின்னுச்சு. ஸ்க்ரீன்ல ஆம்பியர், டெம்பரேச்சர் எல்லாம் கோடு கோடா ஓடிக்கிட்டிருக்கு. அப்பா ஸ்க்ரீன் பக்கமே வரலை. உள்ளங்கையை மோட்டார் முதுகுல வச்சுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, அரை மணி நேரம் நின்னார்.

"நாப்பத்தஞ்சு இருக்கும்"னார்.

ஸ்க்ரீன்ல 47.

பி.கு. 1: இதைப் படிச்சுட்டு யாராச்சும் கிளம்பினீங்கன்னா, 96 வோல்ட் டிசின்னு அசால்ட்டா இருக்காதீங்க. டிசி பொறி பத்திக்கிட்டா லேசுல அணையாது. டிசிக்குன்னு இருக்கிற ஃபியூஸும் காண்டாக்டரும் போடாம செல்லைக் கோர்க்காதீங்க. ஜாக்கி போட்டு கியர் எண்ணுறவங்க ரெண்டு சக்கரத்தையும் தூக்குங்க. :-)

பி.கு. 2: மோட்டாரை கார்ல இன்னும் ஏத்தலை. கியர்பாக்ஸோட சேர்க்கிற தட்டு லேத்துல இருக்கு, பேட்டரிக்கு ஒன்றேகால் லட்சம் புரட்டணும். "ஏழரையை விலை கொடுத்து வீட்டுக்குள்ள கொண்டு வந்த ஒரே குடும்பம் நாமதான்"னு அம்மா வர்றவங்க போறவங்க கிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க. ஆனா கார்ல முன் சீட்டு தனக்குத்தான்னும் சொல்லி வச்சிருக்காங்க.